இலேசான முகப்பருவை வீட்டில் கவனிப்பது எப்படி?

கன்னத்தில் இன்று காலை சிவந்து எழுந்திருக்கும் பரு இன்று உருவானதன்று. அதற்கான அடைப்பு பல கிழமைகளுக்கு முன்னரே, ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னரே, தோலின் ஒரு நுண்துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்கிவிட்டது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், ஒரு களிம்பை ஐந்தாறு நாள் பூசிவிட்டுப் பயனில்லை என்று ஏன் ஒதுக்கக் கூடாது என்பதும், பருவின் தலையில் மட்டும் மருந்து வைப்பது ஏன் போதாது என்பதும், அவசரப்படுகிறவர்களின் முகத்தில் ஏன் அடையாளங்கள் அதிகம் மிஞ்சுகின்றன என்பதும் எளிதில் விளங்கும்.

நம் தோலின் மயிர்க்கால்களோடு சிறிய எண்ணெய்ச் சுரப்பிகள் இணைந்திருக்கின்றன. முகம், நெஞ்சு, முதுகின் மேற்பகுதி ஆகிய இடங்களில் இவை பெரியவையாகவும் நெருக்கமாகவும் இருப்பதால்தான் பருவும் பெரும்பாலும் அங்கேயே வருகிறது. பூப்புப் பருவத்தில், ஆண் பெண் இருபாலாரிலும், அன்ட்ரஜன் வகை ஓமோன்கள் அதிகரிக்கும்போது சுரப்பிகள் கூடுதலான எண்ணெயைச் சுரக்கின்றன. அதே வேளையில், துளையின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய இறந்த கலங்கள் ஒழுங்காக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெயோடு சேர்ந்து துளையை அடைக்கின்றன. அடைப்பின் வாய் திறந்திருந்தால் அது கரும்புள்ளியாகத் தெரியும். மூடியிருந்தால் தோலின் நிறத்திலேயே சிறு குருணை போலத் தட்டுப்படும். கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு அன்று. துளைக்குள் இருக்கும் மெலனின் என்ற நிறப்பொருளும் காற்றுப் பட்டு மாற்றமடைந்த கொழுப்பும்தான் அப்படித் தெரிகின்றன. ஆகவே அதைத் தேய்த்துக் கழுவி எடுக்க முயல்வதில் பொருளில்லை.

அடைபட்ட துளைக்குள் கியூட்டிபக்டீரியம் அக்னெஸ் என்ற பக்டீரியா பெருகுகிறது. 2016 வரை இதற்குப் புரொப்பியோனிபக்டீரியம் அக்னெஸ் என்று பெயர். பழைய மருந்து விளக்கத் துண்டுகளில் இன்னும் அந்தப் பெயரைக் காணலாம். இது ஏறக்குறைய எல்லோருடைய தோலிலும் வாழும் ஒன்று; வெளியிலிருந்து தொற்றிய கிருமி அன்று. அதனால்தான் பரு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. அடைப்பு, எண்ணெய், பக்டீரியா ஆகியவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே சிவப்பும் வீக்கமும் சீழும். மருந்துகள் எல்லாம் இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியைப் பிடித்தே வேலை செய்கின்றன.

வீட்டில் கவனிக்கக்கூடிய இலேசான பரு எது? பெரும்பாலும் கரும்புள்ளிகளும் மூடிய குருணைகளும், அவற்றிடையே ஒரு சில சிவந்த பருக்களும், சிறிய சீழ்முனைப் பருக்களும் இருந்தால் அது இலேசானது. தோலுக்கு அடியில் கட்டியாக, தொட்டால் வலிக்கும்படி, கிழமைக்கணக்கில் நிற்கின்ற பருக்கள் இருந்தாலோ, ஆறிய இடங்களில் பள்ளம் விழத் தொடங்கியிருந்தாலோ அது இலேசானதன்று. அத்தகையவர்கள் இந்தக் கட்டுரையை நம்பிக் காலம் கடத்தாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

நம்மைப் போன்ற மாநிற, கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பருவை விடப் பெரிய தொல்லை, பரு ஆறிய பிறகு அந்த இடத்தில் தங்கிவிடும் கறுப்பு அடையாளம்தான். அழற்சி ஏற்பட்ட இடத்தில் தோல் அளவுக்கு மீறி மெலனினை உண்டாக்குவதால் இது வருகிறது. இது தழும்பு அன்று. தோலின் அமைப்பில் மாற்றம் இல்லாததால் நாளடைவில் மங்கும், ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஓராண்டும் கடக்கலாம். பரு ஒரு கிழமையில் போய்விட, அடையாளம் அடுத்த தைப்பொங்கல் வரை நிற்கிறது. ஆகவே நம் தோலுக்கான முதல் விதி, தோலை எரிச்சலூட்டும் எதையும் செய்யாதிருப்பதே. கிள்ளுதல், பிதுக்குதல், தேய்த்தல், காரமான பொருள்களைப் பூசுதல் ஆகிய ஒவ்வொன்றும் அழற்சியை அதிகரித்து, இரண்டு நாள் இலாபத்துக்காக ஆறு மாத அடையாளத்தை வாங்கித் தருகின்றன. இதில் பிதுக்குவதுதான் மிக மோசமானது. துளையின் உள்ளடக்கம் வெளியே வருவது போலத் தோன்றினாலும், அதில் ஒரு பகுதி உட்புறமாகவும் உடைந்து ஆழத்தில் அழற்சியைப் பரப்பிவிடும்.

முகம் கழுவுவதில் இருந்து தொடங்கலாம். காலையும் இரவும் ஒரு தடவையாக நாளொன்றுக்கு இரண்டு தடவை போதும். விளையாட்டு, வெயில் வேலை, நீண்ட மோட்டார் சைக்கிள் பயணம் என்று அதிகம் வியர்த்த நாளில் இன்னொரு தடவை கழுவலாம். சாதாரணக் குளியல் சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அதன் பீஎச் அளவு பெரும்பாலும் 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் மேற்பரப்போ 5 ஐ ஒட்டிய இலேசான அமிலத்தன்மை உடையது. ஆகவே துணி துவைக்கும் சவர்க்காரத்தாலும் வாசனைச் சவர்க்காரத்தாலும் முகத்தைக் 'கீச்சென்று' சத்தம் வரும்வரை கழுவுவது தோலின் பாதுகாப்புப் படலத்தைப் பறிப்பதாகும். பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2021 இல் வெளியிட்ட முகப்பரு வழிகாட்டல், காரத்தன்மையற்ற, செயற்கைச் சுத்திகரிப்பான் வகையைச் சேர்ந்த முகம் கழுவும் பொருளை நாளுக்கு இருமுறை பயன்படுத்தச் சொல்கிறது. பாமசியில் 'சோப் ஃப்ரீ' என்று எழுதப்பட்ட சாதாரண பேஸ்வொஷ் ஒன்று கிடைத்தால் அதுவே போதும். விலை கூடியது நல்லது என்றில்லை. விரல் நுனிகளால் அரை நிமிடம் பூசி, நீர் விட்டுக் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான காலத்தில் நம்மூரான திருகோணமலையில் ஒரு குழப்பம் நேர்கிறது. நிலப்பக்கத்திலிருந்து வரும் வெக்கைக் காற்றில் முகம் ஒரே நேரத்தில் வியர்வையாலும் எண்ணெயாலும் பிசுபிசுப்பதோடு, மேற்பரப்பில் வரண்டும் போகிறது. பிசுபிசுப்பைப் போக்க ஐந்தாறு தடவை சவர்க்காரம் போடுவார்கள். வரட்சி இன்னும் கூடி, பிறகு பூசும் மருந்து எரியத் தொடங்கும். பிசுபிசுப்பு அதிகமானால் வெறும் நீரால் முகத்தை அலசிவிடுவதே நல்லது. உப்புவெளி, நிலாவெளிக் கடலில் குளித்துவிட்டு வருபவர்கள் உப்பு காயும் முன் நல்ல நீரில் கழுவிக்கொள்ள வேண்டும். கடல்நீர் பருவைக் காயவைக்கும் என்பார்கள். அது தோலையும் காயவைக்கிறது, அதற்கு மேல் மருத்துவப் பயன் எதுவும் சொல்வதற்கில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் நீரை முகத்தில் ஊற்றினால் பரு மறையும் என்ற நம்பிக்கைக்கும் இதே பதில்தான்.

இனி மருந்து. வீட்டில் தொடங்குவதற்கு மிகவும் நம்பத்தக்க ஒன்றைச் சொல் என்றால் பென்சோயில் பெரொக்சைட் ஜெல்லைச் சொல்வேன். அது துளைக்குள் ஒட்சிசனை விடுவித்து, ஒட்சிசன் பிடிக்காத அந்தப் பக்டீரியாவைக் கொல்கிறது. அடைப்பையும் ஓரளவு தளர்த்துகிறது. அன்டிபயோட்டிக் மருந்துகளுக்குப் பக்டீரியா பழகிப்போவதைப் போல இதற்குப் பழகிப்போவதில்லை என்பது இதன் பெரிய சிறப்பு. 2.5, 5, 10 சதவீதம் என்று பல வலிமைகளில் இது உண்டு. 10 சதவீதம் வாங்கினால் வேகமாக மாறும் என்று பலர் எண்ணுகிறார்கள், 2.5 சதவீதமே சிவந்த பருக்களுக்கு ஏறக்குறைய அதே பயனைத் தருகிறது, எரிச்சலோ மிகக் குறைவு. நம் தோலுக்கு எரிச்சல் என்றாலே அடையாளம் என்பதால், குறைந்த வலிமையில் தொடங்குவதே அறிவு. முதல் இரண்டு கிழமைகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் பூசி, தோல் தாங்கினால் தினமும் ஒரு தடவையாக்கலாம். மிகவும் எரிந்தால், பூசி ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிவிடும் முறையும் உண்டு. வீக்கமும் கடுமையான சொறியும் ஏற்பட்டால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே நிறுத்திவிட வேண்டும்.

இந்த ஜெல்லைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லாமல், பிறகு வீட்டில் சண்டை வரும் விடயம் ஒன்று இருக்கிறது: இது துணியின் நிறத்தை வெளுக்கச் செய்யும். பாடசாலை வெள்ளைச் சீருடைக்கு ஆபத்தில்லை. நீல நிறத் தலையணை உறையிலும், அம்மாவின் புதுத் துவாயிலும், கழுத்துப்பட்டியிலும் செம்மஞ்சள் திட்டுகள் விழுந்தால் அவை போகவே போகா. இரவில் வெள்ளை உறை போட்டுக்கொள்வதும், பூசிய கையை நன்றாகக் கழுவுவதும் வழி. இன்னொன்று, வெப்பம். இந்த மருந்து அதிக வெப்பத்தில் சிதைந்து பென்சீன் என்ற தீங்கான பொருளை உண்டாக்கக்கூடும் என்பது 2024 இல் பெரிதாகப் பேசப்பட்டது. 2025 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு சில தயாரிப்புகள் மீளப் பெறப்பட்டன. பயந்து கைவிட வேண்டியதில்லை. ஆனால் நம்மூர் மத்தியான வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இருக்கைக்குக் கீழோ, யன்னலோரத்திலோ வைக்காமல், வீட்டின் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, காலாவதித் திகதிக்கு முன் முடித்துவிட வேண்டும்.

கரும்புள்ளிகளும் மூடிய குருணைகளுமே அதிகம் என்றால் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் இன்னும் பொருத்தமானது. விட்டமின் ஏ குடும்பத்தோடு உறவுடைய இம்மருந்து, துளைக்குள் கலங்கள் ஒட்டி அடைப்பதையே தடுப்பதால், இரண்டு மாதம் கழித்துத் தோன்ற இருக்கும் பருவை இன்றே நிறுத்துகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 2016 இலிருந்து இதை மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கலாம். இங்கே வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக்கொண்டு தொடங்குவதே ஒழுங்கு. கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க எண்ணியிருப்பவர்களும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

பூசும் முறையில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். இரவில் முகத்தைக் கழுவி ஒற்றிய பின், ஈரம் முற்றாகக் காய இருபது நிமிடம் விட வேண்டும். ஈரத் தோலில் பூசினால் எரியும். ஆட்காட்டி விரல் நுனியில் ஒரு பட்டாணியளவு ஜெல் எடுத்து, நெற்றியில் ஒரு பொட்டு, இரு கன்னங்களிலும் ஒவ்வொன்று, மூக்கில் ஒன்று, நாடியில் ஒன்று என வைத்து, அவற்றை இணைத்து மெல்லிய படலமாகப் பரவ விட வேண்டும். பரு உள்ள இடத்தில் மட்டும் தொட்டு வைக்கக் கூடாது. இன்று சுத்தமாகத் தெரியும் தோலுக்குள்தான் அடுத்த பருக்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. கண்ணிமை, மூக்கோர மடிப்பு, உதட்டின் கடைவாய் ஆகிய இடங்களை விட்டுவிட வேண்டும். முதலில் மூன்று நாளுக்கு ஒரு தடவை, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதன் பிறகு தினமும் எனக் கூட்டிக்கொண்டு போகலாம். தோல் உரிந்தால் மொயிஸ்சரைசரை முதலில் பூசி அதன் மேல் ஜெல்லைப் பூசினாலும் குற்றமில்லை.

முதல் சில கிழமைகளில் பரு சற்று அதிகரித்ததைப் போலத் தோன்றலாம். 'முகம் இன்னும் பழுதாகிப் போயிற்று' என்று பலர் நிறுத்துவது சரியாக இந்த இடத்தில்தான். முன்னேற்றம் ஆறு முதல் எட்டுக் கிழமைகளில் தெரியத் தொடங்கும். ஒரு மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு பன்னிரண்டு கிழமைகள் வேண்டும். ஒரே வெளிச்சத்தில், ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒரு தடவை கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், கண்ணாடியில் தினமும் பார்க்கும்போது தெரியாத மாற்றம் படத்தில் தெரியும். பரு அடங்கிய உடனே மருந்தை நிறுத்தினால் மீண்டும் வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடங்கிய பின்னரும் கிழமையில் சில இரவுகளாவது தொடர்வது வழக்கம்.

சலிசிலிக் அமிலம் 0.5 முதல் 2 சதவீதம் வரை பேஸ்வொஷ்களிலும் ஜெல்களிலும் வருகிறது. கரும்புள்ளிக்கு ஓரளவு உதவும், முன்சொன்ன இரண்டையும் போல வலுவானதன்று. அசெலயிக் அமிலம் 15 சதவீத ஜெல் அல்லது 20 சதவீத கிறீம் இங்கே அதிகம் பேசப்படாத ஒரு நல்ல மருந்து. அது பருவையும் குறைக்கிறது, கறுப்பு அடையாளத்தையும் மங்கச் செய்கிறது, கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தக்கூடியது. விலை மட்டும்தான் தடை. கிளின்டமைசின் போன்ற அன்டிபயோட்டிக் ஜெல்களைத் தனியாக, மாதக்கணக்கில் பூசுவது பக்டீரியாவைப் பழக்கிவிடும். அவை பென்சோயில் பெரொக்சைட்டோடு சேர்த்தே தரப்பட வேண்டியவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காமல், ஒன்றைத் தொடங்கித் தோல் பழகிய பிறகே இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்.

மருந்து பூசும் தோலுக்கு எண்ணெய்ப்பசை இல்லாத மொயிஸ்சரைசர் ஒன்று தேவை. முகம் ஏற்கெனவே எண்ணெயாக இருக்கையில் இது எதற்கு என்று கேட்கலாம்; எண்ணெய் வேறு, நீர்ப்பதம் வேறு. துளையை அடைக்காதது என்ற பொருளில் 'நொன்கொமெடோஜெனிக்' என்று உறையில் அச்சிட்டிருப்பார்கள். பகலில் சன்ஸ்கிரீன், எஸ்பீஎஃப் 30 அல்லது அதற்கு மேல். சூரிய ஒளி அடையாளங்களை இன்னும் கறுக்கச் செய்வதால், வெயிலைத் தடுக்காமல் அடையாளத்துக்கு மருந்து பூசுவது வீண் செலவு. சன்ஸ்கிரீன் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மை. குடையும் அகன்ற தொப்பியும் காசு கேட்காமல் பாதி வேலையைச் செய்துவிடும்.

அடுத்தது தலைக்கு வைக்கும் எண்ணெய். பாடசாலைக்குப் போகும் பெண்பிள்ளையின் நெற்றியைக் கிட்ட நின்று பார்த்தால், இரட்டைப் பின்னலுக்காக வழித்து வாரிய மயிரின் எல்லையை ஒட்டி, கடுகளவு குருணைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். காலையில் அழுந்த வைத்த தேங்காய் எண்ணெய் வெயிலில் உருகி நெற்றிக்கு இறங்கி, வியர்வையோடு கலந்து துளைகளை அடைத்ததன் விளைவு அது. எண்ணெய் வைப்பதை விடச் சொன்னால் வீட்டில் பாட்டியின் ஏச்சைக் கேட்க நேரும் என்பதால், இடைவழி ஒன்று சொல்கிறேன்: எண்ணெயை முந்திய இரவில் நுனி மயிருக்கு மட்டும் வைத்து, காலையில் தலை கழுவிக்கொள்ளலாம், நெற்றியோரத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளியே வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயை முகத்துக்கே பூசும் பழக்கமும் உண்டு. பரு வரும் தோலுக்கு அது ஆகாது.

உராய்வும் வியர்வையும் சேரும் இடங்களிலும் பரு எழும். தலைக்கவசத்தின் நாடிப்பட்டி படும் இடத்தில் இளைஞர்களுக்கு வருவதும், இறுக்கமான உள்தொப்பியோடு ஹிஜாப் அணியும் பெண்களுக்கு நெற்றி விளிம்பில் வருவதும் இந்த வகைதான். பட்டியைத் துடைப்பதும், உள்தொப்பியைப் பருத்தித் துணியில் தேர்ந்து தினமும் துவைத்துப் போடுவதும் போதுமான பரிகாரம். கலியாண வீட்டு மேக்கப்போடு படுத்துவிடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கைமருந்துகளில் உதவாதவற்றை மட்டுமன்றித் தீங்கானவற்றையும் பிரித்தறிய வேண்டும். தேசிக்காய்ப் புளி தீங்கான வகை. அதன் கடுமையான அமிலம் தோலை எரிப்பதோடு, அதிலுள்ள சோரலன் என்ற பொருள் சூரிய ஒளியோடு வினைபுரிந்து தோலைப் பொசுக்கி, வழிந்த கோடு கோடாகக் கறுப்பு அடையாளங்களை விட்டுச் செல்லும். நம்மூர் வெயிலில் தேசிக்காயைப் பூசிக்கொண்டு வெளியே இறங்குவது அடையாளத்தை வலிந்து அழைப்பதுதான். பற்பசையும் அப்படியே, அதிலுள்ள மென்தோலும் சவர்க்காரப் பொருள்களும் எரிச்சலை உண்டாக்கும், அந்தக் காரத்தைத்தான் 'மருந்து பிடிக்கிறது' என்று நினைத்துக்கொள்கிறோம். மஞ்சளிலுள்ள குர்குமினுக்கு அழற்சியைத் தணிக்கும் தன்மை ஆய்வுகூடத்தில் தெரிந்தாலும், அரைத்த மஞ்சளைப் பூசுவது பருவை மாற்றும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. கரகரப்பாகத் தேய்க்காமல் மெல்லப் பூசிக் கழுவினால் பெரிய கெடுதலும் இல்லை. வேப்பிலை, வெனிவெல், சந்தனம் ஆகியவற்றுக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். கற்றாழைச் சாறு எரிச்சலைச் சற்றுத் தணிக்கலாம், ஆனால் வெட்டியதும் வடியும் மஞ்சள் நிறப் பாலை முழுதாக வடியவிட்ட பிறகே பூச வேண்டும். கடலைமா, சீனி, வோல்நட் ஓட்டுத்தூள் என்று எதைக் கொண்டும் பரு உள்ள முகத்தைத் தேய்க்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, பெயரும் உள்ளடக்கமும் எழுதப்படாத சின்ன டப்பிகளில், 'பருவும் போகும், வெள்ளையாகவும் வரும்' என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் இரவுக் கிறீம்கள். இத்தகையவற்றில் வலிமையான ஸ்டீரொய்ட் மருந்துகளும், சிலவற்றில் பாதரசமும் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஸ்டீரொய்ட் அழற்சியை உடனடியாக அடக்குவதால் நான்கே நாளில் முகம் பளிச்சிடும். அதுதான் அதன் பொறி. சில மாதங்களில் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, முகத்தில் மயிர் வளர்ந்து, முன்பிருந்ததைவிட அதிகமான, ஒரே அளவிலான பருக்கள் எழும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும், எனவே மீண்டும் அதையே பூசத் தோன்றும். சொறிக்கு வைத்தியர் தந்த பெற்றாமெத்தசோன் என்ற ஸ்டீரொய்ட் கிறீமை எடுத்து முகப்பருவுக்குப் பூசுவதும் இதே வகைத் தவறு. பாதரசமோ சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கக்கூடியது. நான்கு நாளில் பருவை மாற்றும் எதையும் சந்தேகிக்க வேண்டும். முன்னர் சொன்ன இரண்டு மாதக் கணக்கின்படி, நேர்மையான எந்த மருந்துக்கும் அது முடியாத காரியம்.

உணவைப் பற்றிக் கேட்காத வீடு இல்லை. இறால், நண்டு, கணவாய், மாம்பழம், அன்னாசி ஆகியவை 'சூடு' என்று ஒதுக்கப்படுகின்றன. இவை பருவை உண்டாக்குகின்றன என்பதற்குச் சான்று இல்லை. கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட இறாலை முகப்பருவுக்குப் பயந்து விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஓரளவு சான்று உள்ளது, இரத்தத்தில் சீனியைச் சட்டென்று ஏற்றும் உணவுகளைப் பற்றித்தான். 2007 இல் அவுஸ்திரேலியாவில் 43 இளைஞர்களைக் கொண்டு 12 கிழமைகள் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், அத்தகைய உணவைக் குறைத்தவர்களுக்குப் பரு அதிகம் குறைந்தது. பாலுக்கும், உடற்பயிற்சி செய்பவர்கள் குடிக்கும் வே புரோட்டீன் மாவுக்கும் பருவோடு தொடர்பு இருக்கலாம் என்று வேறு சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் குறிப்பிட்ட உணவுமுறையைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்பதே நைஸ் வழிகாட்டலின் நிலைப்பாடு. ஆகவே பிள்ளையைப் பட்டினி போடாமல், பால்மாத் தேநீருக்குப் போடும் மூன்று கரண்டிச் சீனியையும், குளிர்பானத்தையும், வெள்ளைப் பாணையும் குறைத்துப் பார்க்கலாம். முகத்துக்கு உதவாவிட்டாலும் நீரிழிவு பரவியுள்ள நம் குடும்பங்களுக்கு அது நட்டமில்லை.

வீட்டு முயற்சி எங்கே முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மருந்தை ஒழுங்காகப் பன்னிரண்டு கிழமைகள் பூசியும் மாற்றம் இல்லை என்றால், பள்ளத் தழும்பு விழுகிறது என்றால், பெண்களுக்குப் பருவோடு மாதவிடாய் ஒழுங்கீனமும் நாடியில் மயிர் வளர்ச்சியும் சேர்ந்திருந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சூலகத்தைச் சார்ந்த ஓமோன் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். நெற்றியிலும் நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவில், நன்றாக அரிக்கின்ற குருணைகள் திடீரென்று நிறைய எழுந்தால் அது பரு அல்லாமல், வியர்வைக் காலத்தில் வரும் மலசீசியா என்ற பங்கசின் வேலையாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. காசநோய், வலிப்பு போன்றவற்றுக்கான சில மருந்துகளும் பருவைப் போன்ற கொப்புளங்களை உண்டாக்குவதுண்டு. பரு சிறிதாக இருந்தும், அதற்காகப் பிள்ளை ரியூசனுக்குப் போக மறுக்கிறது, கண்ணாடியைத் தவிர்க்கிறது என்றால், அதுவும் வைத்தியரைக் காண்பதற்குப் போதிய காரணமே. உறவினர் கூடும் இடங்களில் 'முகத்தில என்ன இது?' என்று உரத்துக் கேட்பவர்களுக்கு இதன் பாரம் தெரிவதில்லை.

அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவைப்படும்போது தோல் நோய் நிபுணரின் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினோயின் போன்ற மாத்திரைகளை வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ளலாம். கருவிலிருக்கும் சிசுவுக்கு அது பெருங்கேடு விளைவிக்கும் என்பதால் தோழியிடமிருந்து ஒரு கார்ட் வாங்கிப் போடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. வைத்தியரிடம் போகும்போது, இதுவரை முகத்தில் பூசிய எல்லாவற்றையும், பெயரில்லாத அந்த டப்பி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். என்ன பூசினீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்; வெட்கப்பட்டு மறைத்தால் சிகிச்சை தவறான இடத்தில் தொடங்கும்.